கறை நீக்கிய பாஸ்போர்ட்

என் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு புள்ளி பட்டுவிட்டால் போதும், அதை எடுத்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை, சட்டைப் பையில் மைத்துளி, பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரில் ஒட்டியிருக்கும் நூல், எதையும் விடமாட்டார். ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரின் தோளில் உதிர்ந்து கிடந்த முடியை இவர் எடுக்கப் போக, பிக்பாக்கெட் என்று நினைத்து அவர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் குறுக்கே புகுந்து, "அய்யோ, அவர் போட்டோ ஸ்டூடியோவுல டச்சிங் பண்றவருங்க, விட்ருங்க" என்று கெஞ்சித்தான் மீட்டு வந்தேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, விட்டுவிட்டார்.

டச்சிங் என்றால் படத்தில் வேண்டாததை எடுப்பது. அப்போதெல்லாம் நெகட்டிவின் மேலேயே, ஊசி போலச் சீவிய பென்சிலால் செய்வார்கள். ஸ்டூடியோவின் பின்னறையில் சாய்ந்த கண்ணாடிப் பலகை, அதற்கு அடியில் ஒரு பல்பு, கண்ணில் ஒரு லென்ஸ், இவ்வளவுதான் இவருடைய உலகம். ஊரில் பாதிப் பேருடைய முகப்பருவும் அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையமும் இவர் கையால்தான் காணாமல் போயின. பத்தொன்பது வருஷம் அந்த அறையில் இருந்தார். யார் வந்து கேட்டாலும், "ஒண்ணும் பெருசா செய்யலைங்க, லேசா தொட்டேன்" என்பார்.

நான் முன்பக்கம் கவுண்டரில் இருந்தேன். வாடிக்கையாளர் சொல்வதை நெகட்டிவ் வைத்த கவரின் மேல் எழுதி உள்ளே அனுப்புவது என் வேலை. 'மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் மரு வேண்டாம்.' 'மூக்குக்கண்ணாடியில் லைட் அடித்ததை எடுக்கவும்.' ஒரு நாள், 'தலையில் கொஞ்சம் முடி சேர்க்க முடியுமா என்று கேட்கிறார், பெண் பார்க்கிறார்களாம்' என்று எழுதி அனுப்பினேன். கவர் திரும்பி வந்தபோது அதற்குக் கீழே பென்சிலில் பொடிப்பொடியாக ஒரு வரி இருந்தது. 'சேர்க்கலாம். பெண் வீட்டுக்காரர்கள் நேரில் பார்க்கும்போது நான் கூடப் போக முடியாதே?' கவுண்டரில் தனியாக உட்கார்ந்து சிரித்ததில் முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதிலிருந்து கவருக்குக் கவர் ஒரு வரி வந்துகொண்டிருந்தது. நானும் பதில் எழுதினேன். ஆறு மாதம் ஆனது. ஒரு நாள் வந்த கவரில், 'உங்கள் கையெழுத்து இன்றைக்குக் கோணலாக இருக்கிறது, உடம்புக்கு என்ன?' என்று இருந்தது. எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். பெற்ற அம்மாவே கவனிக்காததை ஒரு மனிதர் பின்னறையில் இருந்துகொண்டு கவனித்துவிட்டார். அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை, கல்யாணம் ஆனது.

கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற ஸ்டூடியோக்காரர்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். இவர் பென்சிலுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. "தப்பாப் போனா பழையபடி திரும்ப வந்துடலாம்மா! பத்தொன்பது வருஷமா இது எங்க இருந்துச்சு?" என்று குதித்தார். கொஞ்ச காலத்தில் எல்லார் கையிலும் கேமரா போன் வந்து, முதலாளி ஸ்டூடியோவை மூடிவிட்டு அதே இடத்தில் போன் கவர் விற்க ஆரம்பித்தார். இவர் அந்தக் கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வைத்தார்.

எங்களுக்கு முதலில் படி அளந்தவள் பொத்தான்காரி. அவள் பெயரை இவரால் கடைசி வரை ஒழுங்காக உச்சரிக்க முடியவில்லை, அதனால் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். வெளிநாட்டில் எங்கோ உட்கார்ந்து பழைய காலத்துச் சட்டைப் பொத்தான்களை இணையத்தில் விற்கிறவள். ஆயிரக்கணக்கில் படம் அனுப்புவாள். பொத்தானின் துளையில் நூல் நீட்டிக்கொண்டிருக்கும், தூசி இருக்கும், பின்னால் அவளுடைய மேசைவிரிப்பு தெரியும். இவர் அதையெல்லாம் துடைத்து, பொத்தானை மட்டும் வெள்ளையில் நிறுத்தி அனுப்புவார். ஒரு கட்டத்தில் தனியாள் செய்ய முடியாத அளவுக்கு வந்து குவிந்தது. மகள் ஹாஸ்டலுக்குப் போயிருந்ததால் அவளுடைய படிப்பு மேசையை முன்னறைக்கு இழுத்துப் போட்டு, அதில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, நான் உட்கார்ந்தேன். ஓரம் பிசகாமல் பின்னணியை வெட்டி எடுப்பது என் பங்கு, துடைப்பது இவர் பங்கு.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. எங்கள் முழங்கைகள் இடித்துக்கொள்ளும் அகலம்தான் அது. ஒரே மின்விசிறி, அதுவும் இவர் பக்கம் திரும்பும்போது கடகடவென்று சத்தம் போடும், என் பக்கம் திரும்பும்போது வாயை மூடிக்கொள்ளும். தலைக்கு மேலே துணிக்கொடி. பகல் முழுக்கப் பேச்சே இருக்காது, மவுஸ் சத்தம் மட்டும்தான். திடீரென்று இவர், "இங்க பாரேன், இந்தப் பொத்தானுக்கு யாரோ பல்லால கடிச்ச தடம் இருக்கு" என்பார். யாருடைய பல்லோ, எந்தச் சட்டையோ என்று அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

பொத்தான்காரிதான் எங்களைப் பற்றிச் செருப்புக் கம்பெனியிடம் சொன்னாள். பெரிய கம்பெனி. வருஷம் முழுக்கப் படம் வரும், செருப்பும் பூட்ஸுமாக. நாங்கள் அனுப்பிய மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். தனி ஆளுக்கு அவர்கள் பணம் அனுப்பமாட்டார்கள். அவர்கள் நாட்டிலேயே பதிவான ஒரு கம்பெனி வேண்டும், அந்தக் கம்பெனியின் பெயரில் அவர்கள் நாட்டு வங்கியில் ஒரு கணக்கு வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் சொல்லியிருந்தார்கள், அன்றிலிருந்து ஐந்தாவது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.

இதெல்லாம் நமக்கு நடக்கிற காரியமா என்று நான் நினைத்தேன். இவரோ விசாரித்து ஒரு ஏஜெண்டைப் பிடித்துவிட்டார். அந்த நாட்டில் கால் வைக்காமலே அங்கே கம்பெனி ஆரம்பித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். போனில்தான் பேச்சு.

"கம்பெனி ரெண்டு நாள்ல ஆயிடும் சார். ஓனர்னு யார் யார் பேரைப் போடட்டும்?"

"நாங்க ரெண்டு பேரும்தான் செய்றோம்" என்றார் இவர்.

"ஒரு பேர் போதும் சார். ரெண்டு பேர்னா எல்லாமே டபுள். பாங்க்ல ரெண்டு பேரையும் சோதிப்பாங்க. அப்புறமா சேக்கலாம்னா, பத்திரத்தை மாத்தி எழுதணும், அதுக்கே மூணு வாரம் இழுக்கும். ஒத்தப் பேரா போட்டு முதல்ல வேலையை முடிங்க."

நான் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தேன். "உங்க பேரையே போடுங்க. நான் என்ன ஓனராகி ஊரை ஆளப் போறேனா?"

மனதாரத்தான் சொன்னேன். இதில் இவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

கம்பெனி சொன்னபடியே இரண்டு நாளில் பிறந்துவிட்டது. அதற்கு ஒரு கணக்கு திறப்பதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. அந்த நாட்டில் குடியிருக்காத ஆள் அங்கே கணக்கு கேட்டால், வாடகைக்கு வீடு கேட்டு வந்த பிரம்மச்சாரியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள். நீ யார், எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், செய்வது நிஜம்தானா என்று குடைகிறார்கள். பாஸ்போர்ட்டின் பிரதி, வீட்டு விலாசத்துக்குச் சான்றாக இவர் பெயரில் ஒரு பில், கம்பெனிக் காகிதங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னார்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு டீக்கறை இருந்தது, வட்டமாக, போட்டோவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. அது என் கைங்கரியம்தான், டம்ளரைத் தெரியாமல் அதன்மேல் வைத்துவிட்டேன். விலாசத்துக்கு வைத்திருந்த இன்டர்நெட் பில் நாலாக மடங்கி, ஸ்டேப்ளர் பின் குத்தியிருந்தது, கொண்டுவந்தவன் ஓரத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கியிருந்தான். இப்படி ஒரு காகிதம் இவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? டீக்கறை போனது. மடிப்பு போனது. கிறுக்கல் போனது. பழுப்பேறிய காகிதம் பால்போல வெளுத்தது. பில்லின் மூலையில் பின் குத்திய ஓட்டையை இவர் கவனிக்கவில்லை, நான்தான் காட்டிக்கொடுத்தேன். வேறு யாராவதாக இருந்தால் அடித்துக்கொண்டு தடுத்திருப்பார்கள். நானும் அதே பட்டறையில் வளர்ந்தவள் அல்லவா?

"பாத்தியா, இப்பதான் பிரஸ்லேருந்து வந்த மாதிரி இருக்கு" என்றார். நானும் ஆமாம் என்று பெருமைப்பட்டேன்.

முதல் வங்கி மூன்று வரியில் மறுத்துவிட்டது. காரணம் சொல்ல இயலாது என்று எழுதியிருந்தார்கள். இவர் நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "தெளிவாத் தெரியலையோ என்னமோ" என்று சொல்லி, இரண்டாவது வங்கிக்கு இன்னும் சிரத்தையாகத் துடைத்தார். பில்லில் பாதி அழிந்திருந்த தெருப் பெயரின் எழுத்துகளைக்கூட, பக்கத்து எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து முழுசாக்கிவிட்டார். ஒரு நாள் முழுக்க அந்த வேலை நடந்தது. நான் நடுநடுவே டீ போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தாங்கள் அனுப்பிய ஆவணங்களில் திருத்தம் செய்யப்பட்டதற்கான அறிகுறிகள் இருப்பதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அதை இவர் எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது. நான் குளித்துவிட்டு வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோ நாட்களில் ஒருவன் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து பிறந்த வருஷத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதும், இவர் பின்னறையிலிருந்து எழுந்து வந்து அவனைத் தெருவரைக்கும் துரத்தியதும் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பேர்ப்பட்ட மனிதரைப் போர்ஜரிக்காரன் என்று ஒரு வங்கி எழுதிவிட்டது.

"நான் எதை மாத்தினேன்? ஒரு எழுத்தை மாத்தினேனா? ஒரு நம்பரை மாத்தினேனா? அழுக்கைத்தானே எடுத்தேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அந்த வங்கிக்காரர்கள்மேல் வந்த கோபத்துக்கு, அவர்கள் நேரில் இருந்திருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன். ஆனால் அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை என்று எனக்குப் புரியத்தான் செய்தது, அது இன்னும் வலித்தது.

செருப்புக் கம்பெனி சொன்ன கெடு முடிய அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. அது தவறினால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பொத்தானை மட்டும் நம்பி நாங்கள் வண்டியை ஓட்ட முடியாது. ஐடி கார்டு அச்சடிக்கும் கடையில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், அந்த வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். அப்புறம் முன்னறையில் நானும் மின்விசிறியும் மட்டும்தான்.

ஏஜெண்ட் மூன்றாவதாக ஒரு சின்ன வங்கியைச் சொன்னார். "இவங்க வீடியோவுல ஆளைப் பாத்துப் பேசுவாங்க சார். உங்க கால்ல வேணா விழறேன், எதையும் தொடாதீங்க. கறையோட அனுப்புங்க."

கறையோடுதான் அனுப்பினார். கிழிந்த சட்டையோடு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தகப்பன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே பட்டனைத் தட்டினார். பட்டியலில் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்கள், நீங்கள் வேலை செய்யும் இடத்தின் புகைப்படம். அதையும் எடுத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கெடு முடிகிற வாரத்தின் செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு அழைப்பு. வங்கியிலிருந்து பேசப்போகும் பெண்மணிக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டால் அன்றைக்கே கணக்கு திறந்துவிடும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். இவர் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கைலியுமாக உட்கார்ந்தார். போனை ஒரு டிக்ஷனரிமேல் சாய்த்து வைத்தோம். குக்கர் ஏற்றக் கூடாது, காலிங் பெல் வயரைப் பிடுங்கிவிட வேண்டும், யார் வந்து கதவைத் தட்டினாலும் நான் சைகையால் விரட்ட வேண்டும் என்று ஏகப்பட்ட உத்தரவு. நான் சமையலறைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். கேமராவுக்கு முன்னால் வரப்போவதில்லை என்பதால் காலையில் இருந்த அதே நைட்டி, அதே பரட்டைத் தலை.

போனில் வந்தவள் எங்கள் மகளைவிட நாலு வயது மூத்தவளாக இருப்பாள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எங்கள் இங்கிலீஷ் ஸ்டூடியோ இங்கிலீஷ், பிரைட், டல், ஷார்ப், சாப்ட் என்பதைத் தாண்டாது. ஆனாலும் அவள் பேசியது இரண்டு பேருக்கும் புரிந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னாள், சாய்க்கச் சொன்னாள், அந்த வட்டம் என்ன என்று கேட்டாள்.

"டீ. என் மனைவி டம்ளரை வச்சிட்டா" என்றார் இவர்.

அவள் சிரித்துவிட்டாள். அங்கே மானத்தை வாங்குகிறாரே என்று எனக்கு இருந்தாலும், சிரிப்பைப் பார்த்ததும் உயிர் வந்தது. பில்லைப் பார்த்தாள், அதிலும் குறை சொல்லவில்லை. செருப்புக் கம்பெனி எழுதிய கடிதத்தைப் பார்த்தாள். முடிந்தது, அவ்வளவுதான், சாயங்காலம் ஏதாவது இனிப்பு செய்துவிடலாம் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

"கடைசியாக, நீங்கள் வேலை செய்யும் இடத்தை ஒரு சுற்றுக் காட்ட முடியுமா?" என்றாள்.

இவர் எழுந்திருக்கவில்லை. கைலிக்காகத்தான் தயங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகப் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலைக் காட்டினார், தன் மேசையைக் காட்டினார். கையை எவ்வளவு நெளித்தும் அந்தச் சின்ன அறையில் கட்டிலையும் துணிக்கொடியையும் என் மேசையையும் காட்டாமல் ஒரு சுற்றுச் சுற்ற முடியவில்லை.

"ஒரு நிமிடம்" என்றாள் அவள். "நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரே ஒரு மேசைதான் இருக்கிறது. பின்னால் வெறும் சுவர்."

கதவிடுக்கிலிருந்து இவருடைய காது சிவப்பது எனக்குத் தெரிந்தது. நேத்துதான் வாங்கினோம்னு சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று நான் வாய்க்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தேன்.

"இருந்தது. நான்தான் எடுத்துட்டேன்" என்றார்.

"ஏன்?"

"கட்டிலு, துணி எல்லாம் தெரிஞ்சுது. வேலை செய்ற இடம் சுத்தமா இருந்தா நல்லதுன்னு நினைச்சேன். அது போட்டோதானே, டாக்குமெண்ட் இல்லையேன்னு நினைச்சுட்டேன்."

"அந்த மேசையை ஏன் எடுத்தீர்கள்?"

இவர் காலியாக இருந்த என் நாற்காலியைப் பார்த்தார். "அந்த மேசையில என் மனைவி இருந்தா."

எனக்குச் சுருக்கென்றது. கொடியில் தொங்கும் உள்பாவாடையோடும் கட்டிலோடும் சேர்த்து என்னையும் துடைத்து எடுத்திருக்கிறார். காலையில் ஆறு மணிக்கு உட்கார்ந்து, இடுப்பு ஒடிய இவருக்காக வெட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்த இடத்தில் இவர் சுவரை வரைந்து வைத்திருக்கிறார்! அழுகை வந்தது. கூடவே, இப்போது கணக்கும் போயிற்றே என்றும் இருந்தது. எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

மாற்றாத படம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இவர் எந்தக் காலத்திலும் ஒரிஜினலைத் தூக்கிப் போட்டதில்லை. அங்கேயே அனுப்பினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது.

"படத்தில் இருக்கும் உங்கள் மனைவி என்ன செய்கிறார்?"

"நான் செய்ற வேலைதான். படத்தை வெட்டி எடுத்துத் தருவா. அதுல நான் துடைப்பேன்."

"வீட்டில் சும்மா உதவி செய்கிறாரா, இல்லை தொழிலில் அவருக்கும் பங்கு உண்டா?"

எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்வியின் விலை தெரியும். உதவி என்று சொன்னால் இன்றைக்கே முடிந்துவிடும். பங்கு என்று சொன்னால் பத்திரத்தை மாற்ற வேண்டும், மூன்று வாரம் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இருந்தது இரண்டே நாள்.

இவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் வாம்மா."

"நைட்டியில இருக்கேங்க. இருங்க, புடவை மாத்திட்டு வரேன்" என்று கிசுகிசுத்தேன்.

"வேண்டாம். அப்படியே வா."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். இவர் என் மேசையிலிருந்து நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். நான் உட்கார்ந்ததும் போனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். "ஹாப். வேலையில ஹாப், கம்பெனியில ஹாப். பேப்பர்ல இல்ல. அது என் தப்பு."

மேசைக்கு அடியில் இவர் தொடையைக் கிள்ளினேன். அசையவில்லை.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, ஏஜெண்ட் சொன்னதையே சொன்னாள். பங்கு உள்ளவர் எல்லார் பெயரும் பத்திரத்தில் வந்தாக வேண்டும், பிறகு இருவரையும் சேர்த்துச் சோதிப்பார்கள், இன்றைக்கு எதுவும் செய்ய முடியாது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றாள். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் தொழில் என்ன என்று எழுதட்டும் என்று கேட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் இல்லத்தரசி என்றுதான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாய்வரை அதுதான் வந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சேம் வொர்க்" என்றேன்.

கணக்கு திறக்கத்தான் செய்தது, இருபத்திரண்டு நாள் கழித்து, இரண்டு பேர் பெயரிலும். பொத்தான்காரியை அதில் பணம் போடச் சொன்னோம். அந்தக் கணக்கு இருந்தால் வேறு வேலையும் வரும் என்று நம்பி இவர் ஐடி கார்டு கடைக்குப் போகாமல் இருந்தார், அப்புறம் ஒருவர் மூலம் ஒருவராக வாடிக்கையாளர்கள் வந்தார்கள். இப்போது எங்கள் ஆபீசில் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். இவருக்கு ஒரு கண்ணாடி அறை, எனக்கு ஒரு கண்ணாடி அறை. மத்தியானம் சாப்பிட வாங்க என்று மெசேஜ் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஏசி காற்றில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கடகட மின்விசிறிக்கு ஏங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு நினைவில் நிற்கிறது. மத்தியானம் செருப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள், வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த என் வாய் அப்போது திறந்துகொண்டது.

"ஒரு வார்த்தைங்க! உதவி செய்றான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் வேலை நம்ம கையில இருந்திருக்கும். நானா பேர் கேட்டேன்? பங்கு கேட்டேன்? எனக்குத்தான் ஒண்ணும் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேனே!"

இவர் திரையில் ஒரு பொத்தானைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் பதில் சொன்னார்.

"அந்தப் படத்துல உன்னைத் துடைக்கிறதுக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நாலு நிமிஷம். முடிச்சுட்டு நல்லா வந்திருக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன்." மவுஸிலிருந்து கையை எடுத்தார். "அந்தப் பொண்ணு கேட்டப்பதான் எனக்கு ஒறைச்சுது. மறுபடியும் உன்னைத் துடைக்கச் சொல்றியா?"

சண்டை போடுவதற்காக எழுந்து நின்றவள், என்ன செய்வதென்று தெரியாமல் என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு இன்னும் எண்ணூறு பொத்தான் பாக்கி இருந்தது.